ப்ராக்ஸிக்குள் வெறுமையாக இருந்த பிரைவேட் ஃபீல்டுகள்: நெஸ்டட் கிளாஸும் ஆஸ்பெக்ட்டும் மோதிய ஒரு நிகழ்வு

## பின்னணி

சந்தா அடிப்படையில் நடக்கும் ஒரு சேவையின் பின்தள மென்பொருள் இது. ஜாவா 11, ஸ்பிரிங் பூட் 2, அதற்குள் ஸ்பிரிங் 5 (ஜாவா நிரலின் ஆப்ஜெக்ட்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைத்துத் தரும் கட்டமைப்பு). காலாவதி ஆகப்போகும் சந்தாக்களை இரவில் ஒரு ஓட்டமாக எடுத்துப் புதுப்பிப்பது அதன் வேலைகளில் ஒன்று.

இந்த வேலை முழுவதும் ரினியூவல் சர்வீஸ் என்ற ஒரே கிளாஸுக்குள் இருந்தது. அதற்குள் இரண்டு கிளாஸ்கள். ஒன்று நைட்லி ரன். ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸ். அது தனி பீனாக, அதாவது ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்டாகப் பதிவாகி, வெளி கிளாஸின் பீனைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்ளும். மற்றொன்று ரீட்ரை டாஸ்க். ஸ்டாட்டிக் அல்லாத இன்னர் கிளாஸ், அதாவது தன்னை உருவாக்கிய வெளி ஆப்ஜெக்ட்டின் சுட்டியை உள்ளே மறைத்து வைத்திருப்பது. ஒரு புதுப்பிப்பு தோற்றால், வெளி கிளாஸின் மெத்தட் ஒன்றே அதை நியூ போட்டு உருவாக்கி, சற்று நேரம் கழித்து ஓடும்படி வரிசையில் போடும். இந்த ஸ்டாட்டிக், ஸ்டாட்டிக் அல்லாத வித்தியாசத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

நைட்லி ரன் வெளி கிளாஸின் பிரைவேட் ஃபீல்டுகளை நேராகத் தொட்டது. ஓட்டத்தை நிறுத்தி வைப்பதற்கான எனேபிள்டு என்ற பூலியன், தரவுக் களஞ்சியமான ஸ்டோர், ஒரு தடவைக்கு எத்தனை பதிவுகள் என்று சொல்லும் பேட்ச் சைஸ், இந்த மூன்றும். ஜாவா மொழிப்படி இதில் தவறு ஏதும் இல்லை. ஒரே மேல்மட்ட கிளாஸின் உடலுக்குள் இருக்கும் எல்லாக் கிளாஸ்களும் ஒன்றன் பிரைவேட் உறுப்புகளை மற்றொன்று தொடலாம். எழுதியவர், ஃபீல்டின் மதிப்பைத் திருப்பித் தரும் கெட்டர் மெத்தட்களைத் தவிர்ப்பதற்காகவே இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். பல காலம் தொல்லை இல்லாமல் ஓடிய நிரல் அது.

பிறகு தணிக்கைத் தேவை ஒன்று வந்தது. யாருடைய சந்தா எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்காக ஓர் ஆஸ்பெக்ட், அதாவது பல மெத்தட்களுக்குப் பொதுவான வேலையை அவற்றுக்கு வெளியே வைத்து ஓட்டும் நிரல் துண்டு, எழுதப்பட்டது. ஆடிட் என்ற அன்னொட்டேஷன் (நிரலில் ஒட்டும் குறி) உள்ள மெத்தட்களைச் சுற்றி ஓடும் அரவுண்ட் அட்வைஸ் அது; ஆஸ்பெக்ட் ஓட்டும் நிரலுக்கு அட்வைஸ் என்று பெயர். ரினியூவல் சர்வீஸின் பப்ளிக் மெத்தடான ரினியூவின் தலையில் அந்த அன்னொட்டேஷன் ஒட்டப்பட்டது. மாற்றம் ஒரே வரி. மறுஆய்வில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல எதுவும் இருக்கவும் இல்லை.

## முதலில் தெரிந்தது

அந்த வெளியீட்டுக்குப் பிறகு வந்த இரவு ஓட்டம் "முடிந்தது" என்று பதிவு செய்துவிட்டு நின்றது. பிழை எதுவும் வரவில்லை. எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. ஒரு சந்தாவும் புதுப்பிக்கப்படவில்லை என்பது வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு வந்த கேள்விகளிலிருந்துதான் தெரிந்தது.

ஓட்டத்தின் முதல் வரி எளிமையானது: எனேபிள்டு ஃபால்ஸ் என்றால் திரும்பிவிடு. ஆகவே முதல் சந்தேகம் கட்டமைப்புக் கோப்பின் மேல் விழுந்தது. கோப்பில் ட்ரூ என்று இருந்தது. சூழல் மாறிகள் எதுவும் அதை மேலெழுதவில்லை. சரி, ஓடும்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க, அந்த இஃப் வரிக்கு முன்னால் சர்வீஸ் ஆப்ஜெக்ட்டையே லாகில் அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தார்கள். ரினியூவல் சர்வீஸில் டூஸ்ட்ரிங் (ஆப்ஜெக்ட்டை அச்சிடத்தக்க வாசகமாக்கும் மெத்தட்) முறையாக எழுதப்பட்டிருந்தது. லாகில் வந்தது: எனேபிள்டு=ட்ரூ, பேட்ச் சைஸ்=200. ஆனால் அதற்கு அடுத்த வரியில் நிரல் அதே எனேபிள்டை ஃபால்ஸ் என்று படித்துத் திரும்பிப் போனது.

இங்கே சில மணி நேரம் வீணானது. வேறொரு த்ரெட் மதிப்பை இடையில் மாற்றுகிறதோ என்று ஒருவர் தேடினார். வாலட்டைல் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய பைட்கோட் (தொகுக்கப்பட்ட நிரல்) சர்வரில் தங்கிவிட்டதோ என்று முழுக் கட்டுமானத்தையும் மறுபடி செய்தார்கள். எதுவும் மாறவில்லை. இந்தத் தேடல்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த தடயம் அந்தத் திசையைத்தான் காட்டியது. தடயமே ஏமாற்றியது என்பதுதான் பிரச்சினை.

சோதனைச் சூழலில் ஒருவர் அந்த இஃப் வரியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டினார். இப்போது ஸ்டோரைத் தொட்ட இடத்தில் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் வந்தது. கன்ஸ்ட்ரக்டரில் கட்டாயமாகக் கொடுக்கப்படும் ஃபீல்ட், அதுவும் ஃபைனல் என்று குறிக்கப்பட்ட ஃபீல்ட், நல்லாக இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வரியில் பேட்ச் சைஸ் மட்டும் சரியாக 200 என்று வந்திருந்தது. மூன்று ஃபீல்டுகளில் இரண்டு வெறுமை, ஒன்று சரி. இந்த மூன்றாவது ஃபீல்ட் விசாரணையை இன்னும் குழப்பியது. ஆப்ஜெக்ட்டே தவறானது என்று எடுத்துக்கொண்டால் 200 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

## டீபக்கரில் கண்டது

நைட்லி ரன்னுக்குள் நிறுத்தி, சர்வீஸ் மாறியை விரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. கிளாஸின் பெயர் ரினியூவல் சர்வீஸ் என்று முடியவில்லை. அதன் பின்னால் இரட்டை டாலர் குறியும் "என்ஹான்சர்பைஸ்பிரிங்சிஜிலிப்" என்ற ஒட்டும் இருந்தன. உள்ளே எல்லா ஃபீல்டும் இயல்பு மதிப்பில்: நல், ஃபால்ஸ், பூஜ்யம். கூடவே யாரும் எழுதாத கால்பேக் ஃபீல்டுகள் சில.

அது ரினியூவல் சர்வீஸின் ஆப்ஜெக்ட் அல்ல. அதற்கு முன்னால் ஸ்பிரிங் நிறுத்தி வைத்த ப்ராக்ஸி.

இதன் இயக்கத்தை விளக்கிவிடுவது நல்லது. ஸ்பிரிங்கில் ஆஸ்பெக்ட்டை எழுதும் அன்னொட்டேஷன்கள், ஜாவாவில் ஆஸ்பெக்ட் எழுதுவதற்கான ஆஸ்பெக்ட்ஜே என்ற தனிக் கருவியிலிருந்து வந்தவை. 2006-இல் ஸ்பிரிங் 2.0 அந்த எழுத்து வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் எடுத்துக்கொண்டது எழுத்து வடிவத்தையும், அட்வைஸ் எங்கெங்கே ஓட வேண்டும் என்று சொல்லும் பாயிண்ட்கட் மொழியையும்தான். இயல்பான அமைப்பில் ஸ்பிரிங் பைட்கோடை நெய்வதில்லை, அதாவது அதற்குள் அட்வைஸைப் பின்னுவதில்லை. பீனுக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸியை வைத்து, வரும் அழைப்புகளை இடைமறிக்கிறது. ஸ்பிரிங் பூட் 2 முதல் இயல்பாக வருவது சிஜிலிப் ப்ராக்ஸி: உங்கள் கிளாஸுக்கு ஓடும்போதே ஒரு துணைக் கிளாஸ் உருவாகிறது. அது மெத்தட்களை ஓவர்ரைடு செய்து, அட்வைஸை ஓட்டிவிட்டு, வேலையை உண்மையான டார்கெட் ஆப்ஜெக்ட்டிடம் கொடுக்கிறது.

துணைக் கிளாஸ் என்பதால் வெளி கிளாஸில் உள்ள எல்லா ஃபீல்டுகளுக்கும் ப்ராக்ஸியின் நினைவகத்திலும் இடம் இருக்கும். அந்த இடத்தை யாரும் நிரப்புவதில்லை. 2013-இல் வந்த ஸ்பிரிங் 4.0 முதல், ப்ராக்ஸி ஆப்ஜெக்ட் ஆப்ஜெனிசிஸ் என்ற நூலகத்தின் உதவியோடு கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலேயே உருவாக்கப்படுகிறது. கன்ஸ்ட்ரக்டர் ஓடவில்லை என்றால் ஃபீல்டில் எழுதிய தொடக்க மதிப்புகளும் ஓடவில்லை. கட்டமைப்புக் கோப்பிலிருந்து வேல்யூ அன்னொட்டேஷன் கொண்டு வரும் மதிப்புகளும் டார்கெட்டுக்குத்தான் போகின்றன.

இப்போது ஒவ்வொரு தடயமும் தன் இடத்தில் பொருந்தியது.

டூஸ்ட்ரிங் பப்ளிக் மெத்தட். ப்ராக்ஸி அதை டார்கெட்டுக்குத் திருப்பிவிடுகிறது, டார்கெட் தன் சொந்த மதிப்புகளை அச்சிடுகிறது. ஆகவே லாகில் ட்ரூ. ஆனால் ஃபீல்டைப் படிப்பது மெத்தட் அழைப்பு அல்ல; அதில் ஓவர்ரைடு செய்ய எதுவும் இல்லை. கையில் எந்த ஆப்ஜெக்ட் இருக்கிறதோ அதன் நினைவகம்தான் படிக்கப்படும். ஆகவே ஃபால்ஸ். லாகும் இஃப் வரியும் ஒரே மாறியைக் கேட்டன, இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்ட்கள் பதில் சொல்லின.

பேட்ச் சைஸ், பிரைவேட் ஃபைனல் இன்ட். அதற்கு நேராக 200 என்ற எண்ணே கொடுக்கப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட மாறிலியை ஜாவா கம்பைலர் பயன்படுத்தும் இடத்திலேயே பதித்துவிடும். நைட்லி ரன் அந்த ஃபீல்டைப் படிக்கவே இல்லை; 200 அதன் பைட்கோடுக்குள்ளேயே இருந்தது. ஸ்டோரும் ஃபைனல்தான், ஆனால் அது கன்ஸ்ட்ரக்டரில் வருவது, கம்பைலர் முன்கூட்டியே அறியக்கூடிய மாறிலி அல்ல.

பிரைவேட் மெத்தட்டுக்கும் இதே கதிதான் என்பதைக் குழு தனியே ஒரு சிறு நிரலில் சரிபார்த்தது. பிரைவேட் மெத்தட்டை ஓவர்ரைடு செய்ய முடியாது. ஆகவே ப்ராக்ஸியின் மேல் அதை அழைத்தால் அது ப்ராக்ஸிக்குள்ளேயே, வெறும் ஃபீல்டுகளோடு ஓடும். ஜாவா 11-இல் நெஸ்டட் கிளாஸிலிருந்து போகும் பிரைவேட் அழைப்பு பப்ளிக் அழைப்புக்கான அதே இன்வோக்விர்ச்சுவல் கட்டளையாகத் தொகுக்கப்பட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

ஃபைனல் மெத்தட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே மட்டும் ஸ்பிரிங், இந்த அழைப்பு டார்கெட்டுக்குப் போகாது, வெறும் ஃபீல்டுகளால் நல் பாயிண்டர் வரலாம் என்று டீபக் நிலை லாகில் சொல்லும். பிரைவேட் மெத்தட்டுக்கு அந்தச் சிறு முணுமுணுப்பும் கிடையாது. பிரைவேட்டை வெளியிலிருந்து யார் தொடப்போகிறார்கள் என்ற நியாயமான அனுமானம் அதன் பின்னால் இருக்கிறது. அந்த அனுமானத்துக்கு வெளியே நிற்பது நெஸ்டட் கிளாஸ்தான்.

வீட்டுச் சாவி கையில் இருக்கிறது, ஆனால் அதே வரைபடத்தில் கட்டி யாரும் குடியேறாத இன்னொரு வீட்டின் பூட்டும் அந்தச் சாவிக்குத் திறக்கிறது என்றால் எப்படியோ அப்படி. நெஸ்டட் கிளாஸுக்கான உரிமையை மொழி டைப்பைப் பார்த்துத் தருகிறது. ப்ராக்ஸியோ டைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஆப்ஜெக்ட்டை மாற்றிவிடுகிறது. கம்பைலர் இதில் குறுக்கிட எந்த வழியும் இல்லை.

## ஏன் சோதனைகளில் சிக்கவில்லை

யூனிட் டெஸ்ட்கள் ரினியூவல் சர்வீஸை நேராக நியூ போட்டு உருவாக்கி நைட்லி ரன்னிடம் கொடுத்தன. ப்ராக்ஸி எங்கும் வரவில்லை. ஸ்பிரிங் கன்டெக்ஸ்ட்டை எழுப்பும் சோதனைகள் இருந்தன. அவை ரினியூ மெத்தட்டை மட்டும் தொட்டன, இரவு ஓட்டத்தைத் தொடவில்லை.

## உடனடி முடிவு

ஆடிட் அன்னொட்டேஷனை எடுத்துவிட்டு மறுபடி வெளியிடுவது என்று தீர்மானித்தார்கள். அந்தக் கிளாஸுக்குப் பொருந்தும் வேறு ஆஸ்பெக்ட் இல்லாததால் ப்ராக்ஸியே உருவாகாது, பழைய நடத்தை திரும்பும். தணிக்கைப் பதிவு சில நாள் தாமதமாகலாம், புதுப்பிப்பு தாமதமாகக் கூடாது என்பதே காரணம். எனேபிள்டுக்கு மட்டும் ஒரு கெட்டர் எழுதி அன்றே ஒட்டுப்போடலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஸ்டோரும் அதே நிலையில்தான் இருக்கிறது, இன்னும் எத்தனை இடம் இருக்கிறதோ என்ற தயக்கத்தில் அதைத் தள்ளினார்கள். சரியான தயக்கம். விட்டுப்போன சந்தாக்கள் அதன்பின் கையால் தூண்டப்பட்ட ஓட்டத்தில் புதுப்பிக்கப்பட்டன.

## மறுபக்கம்: ரீட்ரை டாஸ்க்

நிலையான தீர்வை ஆராயும்போது தணிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆஸ்பெக்ட் செயலில் இருந்த அந்தக் குறுகிய காலத்தில், பகலில் தனித்தனியே நடந்த புதுப்பிப்புகளில், முதல் தடவையே வெற்றி பெற்றவை மட்டும் பதிவேட்டில் இருக்கின்றன. தோற்று மறுமுயற்சியில் வெற்றி பெற்றவற்றின் வெற்றிப் பதிவு ஏன் இல்லை?

இதை வேறொரு பிழையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இது அதே பிழையின் மறுபக்கம்.

ரீட்ரை டாஸ்க் இன்னர் கிளாஸ். அது பிறப்பது டார்கெட் ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டுக்குள். ஆகவே அதற்குள் மறைந்திருக்கும் வெளி ஆப்ஜெக்ட்டின் சுட்டி டார்கெட்டையே காட்டும், ப்ராக்ஸியை அல்ல. பிரைவேட் ஃபீல்டுகள் எல்லாம் அதற்குச் சரியாகவே கிடைத்தன. அதனால் அங்கே கோளாறு ஏதும் தெரியவில்லை. ஆனால் அது ரினியூவை அழைத்தபோது அந்த அழைப்பு ப்ராக்ஸி வழியாகப் போகவில்லை. அட்வைஸ் ஓடவில்லை. ஒரே ஆப்ஜெக்ட்டுக்குள் தன்னைத்தானே அழைத்துக்கொண்டால் ஆஸ்பெக்ட் ஓடாது என்ற விஷயம் ஸ்பிரிங் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இன்னர் கிளாஸ் தனி ஃபைலாகத் தொகுக்கப்பட்டு, தனி த்ரெட்டில், பிறகு எப்போதோ ஓடும்போது அதுவும் "தன்னைத்தானே அழைப்பது"தான் என்று சட்டென்று தோன்றுவதில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குழுவுக்கு முழுப் படம் கிடைத்தது. நெஸ்டட் கிளாஸ் கையில் டார்கெட் இருந்தால் பிரைவேட் உறுப்புகள் கிடைக்கும், அட்வைஸ் கிடைக்காது. ப்ராக்ஸி இருந்தால் அட்வைஸ் கிடைக்கும், பிரைவேட் உறுப்புகள் கிடைக்காது. ஒரே சுட்டியால் இரண்டையும் பெறும் வழி ப்ராக்ஸி முறையில் இல்லை. அதன்பின் நடந்த பேச்சு, இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றித்தான்.

## பரிசீலித்த வழிகள்

ப்ராக்ஸியை உரித்து டார்கெட்டை எடுப்பது முதலில் பேசப்பட்டது. ஸ்பிரிங்கிலேயே அதற்கான உதவி மெத்தட் உண்டு. நைட்லி ரன்னின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு வரி சேர்த்தால் பிரைவேட் ஃபீல்டுகள் எல்லாம் உயிர்பெறும். ஆனால் அதே சுட்டியால் ரினியூவை அழைத்தால் தணிக்கை போய்விடும். நைட்லி ரன் ரீட்ரை டாஸ்க்கின் நோயை வாங்கிக்கொள்ளும். இரண்டு சுட்டிகளையும் வைத்துக்கொண்டு எதற்கு எது என்று ஒவ்வொரு வரியிலும் யோசிப்பது என்றால், அடுத்து அதைத் தொடுபவர் நிச்சயம் தவறுவார்.

கெட்டர்கள் எழுதுவது இரண்டாவது. பிரைவேட் அல்லாத கெட்டர் ப்ராக்ஸி வழியாக டார்கெட்டுக்குப் போகும், சரியான மதிப்பு வரும். எனேபிள்டுக்கு இது பரவாயில்லை. ஸ்டோருக்கு என்று ஒரு கெட்டர் வைப்பது, எந்தக் கிளாஸும் சர்வீஸைக் கடந்து களஞ்சியத்தைத் தொடலாம் என்று கதவைத் திறப்பதாகிவிடும்.

மூன்றாவது, ஆஸ்பெக்ட்ஜேயின் உண்மையான நெசவுக்கு மாறுவது. நிரலின் அமைப்பை வைத்துப் பார்த்தால் இதுதான் மிகத் தூய்மையான விடை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளாஸ் ஏற்றப்படும்போதே அதன் பைட்கோடில் அட்வைஸ் பின்னப்பட்டால் இரண்டாவது ஆப்ஜெக்ட் என்ற ஒன்றே இருக்காது. ஒரு தனிக் கிளையில் ஜாவா ஏஜென்ட் (கிளாஸ் ஏற்றப்படும்போது அதன் பைட்கோடை மாற்றும் துணைநிரல்) வைத்து முயன்றும் பார்த்தார்கள். நைட்லி ரன் சரியாக ஓடியது. ரீட்ரை டாஸ்க்கின் அழைப்புகளும் பதிவேட்டில் விழுந்தன. தொடக்கத்தில் எல்லாப் பதிவும் இரட்டையாக விழுந்தது. ஸ்பிரிங்கின் ப்ராக்ஸியும் நெசவும் இரண்டும் சேர்ந்து அதே ஆஸ்பெக்ட்டை ஓட்டியதால். அது எளிதில் சரியானது.

சரியாகாதது வேறு. அந்த மென்பொருளில் ஏற்கெனவே தடமறிதலுக்கு ஓர் ஆஸ்பெக்ட் இருந்தது. பகிர்ந்த நூலகத்தின் பேக்கேஜில் உள்ள எந்த மெத்தட் ஓடினாலும் நேரத்தைக் குறிக்கும் பரந்த எக்ஸிக்யூஷன் பாயிண்ட்கட் அது. ப்ராக்ஸி முறையில் அதன் வீச்சு இயல்பாகவே குறுகியது: பீன்களுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும். நெசவில் அந்த வேலி இல்லை. பிரைவேட் மெத்தட்கள், நெஸ்டட் கிளாஸ்களின் மெத்தட்கள், லாம்டாக்களின் (பெயரில்லாத சிறு மெத்தட்களின்) உடல்கள், எல்லாம் பொருந்தின. கூடவே ஆக்சஸ்$000 போன்ற, யாரும் எழுதாத பெயர்களும் தடத்தில் வந்தன.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது இந்த நிகழ்வின் மையப் பொருளோடு நேரடியாகச் சேர்ந்தது. நெஸ்டட் கிளாஸ் ஜாவா 1.1-இல், 1997-இல் மொழிக்குள் வந்தது. ஆனால் ஜாவா இயந்திரத்துக்கு அது தெரியாது; அதன் பார்வையில் நைட்லி ரன்னும் ரினியூவல் சர்வீஸும் தொடர்பில்லாத இரண்டு கிளாஸ்கள், ஒன்றன் பிரைவேட்டை மற்றொன்று தொட முடியாது. ஆகவே கம்பைலர் வெளி கிளாஸுக்குள் பேக்கேஜ் அளவில் திறந்த ஒரு ஸ்டாட்டிக் மெத்தட்டை ரகசியமாக எழுதி, நெஸ்டட் கிளாஸை அதன் வழியாக அனுப்பியது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இதை மாற்றியது. ஜெப் 181 என்ற முன்மொழிவின்படி, யார் யார் ஒரே கூட்டைச் சேர்ந்தவர்கள் என்பது கிளாஸ் ஃபைலிலேயே எழுதப்படுகிறது; இயந்திரமே அனுமதி தருகிறது, இடைமெத்தட் தேவையில்லை. ஆனால் ஜாவா 11-ஐ இலக்காக வைத்துத் தொகுத்தால்தான் இந்தப் பலன். குழுவின் மென்பொருள் அப்படித் தொகுக்கப்பட்டது. பகிர்ந்த நூலகமோ இன்னும் ஜாவா 8-க்காகத் தொகுக்கப்பட்டு வந்தது.

விளைவு விசித்திரமாக இருந்தது. ஒருவர் நூலகத்தின் ஒரு நெஸ்டட் கிளாஸிலிருந்து வெளி கிளாஸின் பிரைவேட் மெத்தட்டுக்குப் போகும் அழைப்பை மட்டும் பிடிக்க, அழைக்கும் இடத்தைப் பிடிக்கும் "கால்" பாயிண்ட்கட்டோடு, எந்தக் கிளாஸுக்குள் என்று வரம்பிடும் "வித்இன்" சேர்த்து எழுதினார். பொருந்தவில்லை. ஜாவா 8 பைட்கோடில் அந்த அழைப்புக் கட்டளை நெஸ்டட் கிளாஸில் இல்லை, வெளி கிளாஸின் ஆக்சஸ்$000-க்குள் இருக்கிறது. அதே மூலநிரலை 11-க்குத் தொகுத்தபோது பொருந்தியது. வித்இன்னில் வெளி கிளாஸைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் நெஸ்டட் கிளாஸ்களும் சேர்ந்துவிடும் என்பதால், அப்படி எழுதியிருந்தால் இரண்டிலும் பொருந்தியிருக்கும். ஆனால் மூலநிரலில் ஓர் எழுத்து மாறாமல், தொகுப்பின் இலக்கு மாறினாலே ஆஸ்பெக்ட்டின் வீச்சு மாறும் என்பது குழுவுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பெக்ட்டையே பிரிவிலேஜ்டு என்று அறிவித்து, பிரைவேட் ஃபீல்டுகளை அங்கிருந்து படித்து நைட்லி ரன்னுக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அந்தச் சலுகை ஆஸ்பெக்ட்ஜேயின் தனி எழுத்து வடிவத்துக்குத்தான் உண்டு, அன்னொட்டேஷன் வடிவத்துக்கு இல்லை. அதற்காக இன்னொரு கம்பைலரையும் கட்டுமானத்துக்குள் கொண்டுவர வேண்டும். எனக்கு இந்த யோசனையே தலைகீழாகத் தோன்றுகிறது. பிரைவேட் ஃபீல்டைத் தொட அதிக உரிமை தேடுவதற்கு முன்னால், இரவு ஓட்டம் அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

## எடுத்த முடிவு

அந்தக் கேள்வியைக் குழுவில் ஒருவர் கேட்டார். அதிலிருந்து முடிவு வேகமாக வந்தது. நைட்லி ரன் தனி மேல்மட்டக் கிளாஸாக வெளியே எடுக்கப்பட்டது. எனேபிள்டும் பேட்ச் சைஸும் ஒரு சிறிய அமைப்பு ஆப்ஜெக்ட்டாகி இரண்டு கிளாஸ்களுக்கும் கொடுக்கப்பட்டன. காலாவதியாகும் சந்தாக்களைத் தேடும் வேலைக்காக ஸ்டோர் நைட்லி ரன்னுக்கு நேரடியாகவே தரப்பட்டது. ரினியூவல் சர்வீஸை அது ரினியூ என்ற ஒரே வாசல் வழியாக மட்டும் தொடுகிறது, அதுவும் ப்ராக்ஸி வழியாக. ரீட்ரை டாஸ்க்கும் வெளியே வந்தது. அதற்கும் ப்ராக்ஸியே கொடுக்கப்படுகிறது. ஆடிட் அன்னொட்டேஷன் மறுபடி ஒட்டப்பட்டது.

பிரிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் நேர்த்தி அல்ல. பிரைவேட் தொடர்பு இருக்கும்வரை கம்பைலர் அமைதியாக இருக்கும். கிளாஸ்களைப் பிரித்துவிட்டால் அதே தவறைச் செய்ய முயல்பவருக்குத் தொகுப்பிலேயே பிழை வரும். ஓடும்போது மௌனமாகத் தோற்பதைத் தொகுக்கும்போது சத்தமாகத் தோற்பதாக மாற்றுவதுதான் நோக்கம்.

## பிரித்தபோது தெரியவந்தது

ரினியூ உள்ளே அழைக்கும் ஒரு பிரைவேட் மெத்தட் இருந்தது. சந்தாவின் புதிய தேதியையும் கணக்குப் பதிவையும் எழுதுவது அதன் வேலை. அதன் தலையில் டிரான்ஸாக்ஷனல் அன்னொட்டேஷன். எழுதியவரின் எண்ணம் தெளிவு: இரண்டும் சேர்ந்து நிகழ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் நிகழக் கூடாது. ஆனால் ப்ராக்ஸி முறையில் பிரைவேட் மெத்தட்டின் மேல் அந்த அன்னொட்டேஷனுக்குப் பலன் இல்லை. ஸ்பிரிங் பிழையும் சொல்லாது. தொடக்கம் முதலே அந்த இரண்டு எழுதல்களும் தனித்தனி டிரான்ஸாக்ஷன்களாகத்தான் ஓடி வந்திருக்கின்றன.

அந்த அன்னொட்டேஷன் மட்டும் பலித்திருந்தால் இந்தக் கிளாஸ் முதல் நாளிலிருந்தே ப்ராக்ஸியாகி இருக்கும், நைட்லி ரன் எழுதிய அன்றே உடைந்திருக்கும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன.

அந்த மெத்தட் தனி பீனுக்குப் பப்ளிக்காக மாற்றப்பட்டது. பழைய பதிவுகளில் தேதி மாறி கணக்குப் பதிவு இல்லாத சந்தாக்கள் உண்டா என்று தேடும் பணி தனியே தொடங்கப்பட்டது. சில கிடைத்தன, சரிசெய்யப்பட்டன.

## இனி மாறுவது

மறுஆய்வுப் பட்டியலில் ஒரு கேள்வி சேர்ந்தது: ஒரு கிளாஸுக்கு முதன்முறையாக ஆஸ்பெக்ட் பொருந்தப் போகிறது என்றால், அந்தக் கிளாஸுக்குள் வேறு கிளாஸ்கள் இருக்கின்றனவா, அவை வெளி ஆப்ஜெக்ட்டை எங்கிருந்து பெறுகின்றன? மாற்றம் காட்டும் ஒரு வரியில் இதற்கான விடை இருக்காது, முழு ஃபைலையும் திறக்க வேண்டும்.

மனிதக் கண்ணை மட்டும் நம்பாமல், நிரலின் அமைப்பைச் சோதிக்கும் ஆர்ச்யூனிட் நூலகத்தில் ஒரு விதியும் எழுதப்பட்டது. நெஸ்டட் கிளாஸ் எதுவும் காம்பொனென்ட் (பீனாகப் பதிவு செய்யும் அன்னொட்டேஷன்) என்று குறிக்கப்படக் கூடாது. விதி சற்றுக் கடுமையானது. தீங்கில்லாத சில இடங்களையும் அது பிடித்தது. அவற்றையும் பிரித்துவிட்டார்கள். பிரைவேட் மெத்தட்டில் டிரான்ஸாக்ஷனல் இருந்தால் கட்டுமானம் நிற்கும் என்பது இரண்டாவது விதி.

சோதனைகளில், இரவு ஓட்டத்தை ஸ்பிரிங் கன்டெக்ஸ்ட்டோடு முழுமையாக ஓட்டும் ஒன்று சேர்க்கப்பட்டது. அது கையில் கிடைத்த சர்வீஸ் ப்ராக்ஸிதான் என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறது. நாளை யாராவது அன்னொட்டேஷனை எடுத்துவிட்டால் சோதனை அர்த்தமில்லாமல் பச்சை காட்டக் கூடாது என்பதற்காக. எந்தப் பதிவையும் தொடாமல் முடியும் இரவு ஓட்டத்துக்கு இப்போது எச்சரிக்கை அடிக்கிறது. இது ஆஸ்பெக்ட் விஷயமே இல்லாமல் முன்பே இருந்திருக்க வேண்டியது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இடம் தேடலில் கிடைத்தது. தரவுத்தளப் பதிவை ஆப்ஜெக்ட்டாகத் தரும் ஹைபர்னேட் என்டிட்டி ஒன்றின் ஈக்வல்ஸ் மெத்தட், ஒப்பிடும் மற்ற ஆப்ஜெக்ட்டின் பிரைவேட் ஃபீல்டை நேராகப் படிக்கிறது. அந்த ஆப்ஜெக்ட் சோம்பேறித்தனமாக ஏற்றப்படும் ப்ராக்ஸியாக இருந்தால் அங்கேயும் வெறுமைதான் கிடைக்கும். அதை கெட்டர் வழியாகப் படிக்கும்படி மாற்றினார்கள். பகிர்ந்த நூலகத்தை ஜாவா 11-க்குத் தொகுக்கும் வேலை இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வேறொரு குழு ஜாவா 8-லேயே நிற்பதால்.